துபாயில் குடும்பத்தோடு தங்க நகர ஓட்டலா, கடற்கரை ஓட்டலா?

கேள்வி இது: நவம்பரில் அலுவலக வேலையாக துபாய் போகிறார் ஒருவர். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சர்வதேச நிதி மையத்தில் கூட்டங்கள். மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், அம்மா என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. அலுவலகம் ஷேக் சயீத் சாலையில் ஒரு பிசினஸ் ஓட்டலைச் சொல்கிறது. வீட்டில் எல்லோரும் ஜுமைரா கடற்கரையில் ஒரு பெரிய ரிசார்ட்டின் படங்களைக் காட்டுகிறார்கள். இரண்டில் எது?

துபாயில் சில காலம் இருந்தவன், இன்றும் உறவுக்காரர்கள், நண்பர்களுக்கு அங்கே ஓட்டல் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரும் முதலில் விலையை ஒப்பிடுகிறார்கள், அடுத்து நட்சத்திரத்தை. நான் முதலில் கேட்பது வேறு. பகல் முழுக்க அந்த ஓட்டலில் இருக்கப் போவது யார்? நீங்கள் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறு, ஏழு ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது நல்ல படுக்கை, வேகமான வைஃபை, சட்டை இஸ்திரி, காலையில் சூடாக ஒரு காபி. அம்மாவும் மனைவியும் குழந்தைகளும் அங்கே பத்து மணி நேரம் இருக்க வேண்டும். காசு கொடுப்பவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், அதிக நேரம் இருக்கப் போகிறவர் கண்ணால் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிசினஸ் ஓட்டலைக் குறைத்துச் சொல்லவில்லை. அது தன் வேலையை மிக நன்றாகச் செய்கிற இடம். வர்த்தக மையத்திலிருந்து நிதி மையம் வரை ஷேக் சயீத் சாலையின் இரு பக்கமும் நிற்கிற ஓட்டல்களில் எதில் தங்கினாலும் உங்கள் கூட்டத்துக்கு நடந்தோ, மெட்ரோவில் ஓரிரு நிலையத்திலோ போய்விடலாம். அந்த வட்டாரமே வியாபாரத்துக்காக எழுந்தது. 1979இல் எலிசபெத் ராணி திறந்துவைத்த 39 மாடி வர்த்தக மையக் கோபுரத்தைச் சுற்றி அப்போது வெறும் மணல்தான். பழைய 100 திர்ஹம் காகித நோட்டில் அந்தக் கோபுரம் இருக்கிறது, கையில் வந்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இன்று அதே சாலையில் 2009இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ சிவப்புத் தடம் செல்கிறது, விமான நிலையத்திலிருந்தே அதில் ஏறி வரலாம்.

அந்த ஓட்டல்களின் காலை உணவுக் கூடத்தை ஏழரை மணிக்குப் பார்த்தால் நான் சொல்வது புரியும். கழுத்தில் கண்காட்சி அடையாள அட்டை தொங்க, ஒரு கையில் போனைப் பிடித்தபடி முட்டைக்கு வரிசையில் நிற்கிறார்கள். எட்டே முக்காலுக்குக் கூடம் காலி. லாபியும் காலி. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் ஆறு வயதுப் பையனுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. நீச்சல் குளம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஏதோ ஒரு மாடியில், உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டி, பெரியவர்கள் நீளவாக்கில் போய்வர ஏற்ற ஆழத்தில் இருக்கும். பக்கத்துக் கோபுரத்தின் நிழல் விழுந்தால் நவம்பரில் தண்ணீர் சில்லென்றும் இருக்கும். அறையில் ஜன்னல் திறக்காது, பால்கனி இருக்காது. கீழே இறங்கினால் பன்னிரண்டு, பதினான்கு தடச் சாலை. குழந்தைகளோடு சும்மா காலாற நடக்க அது இடமில்லை. உங்கள் அம்மா முதல் நாள் ஜன்னல் வழியே உயரமான கட்டடங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவார், இரண்டாம் நாள் டிவியைப் போடச் சொல்வார்.

கடற்கரை ஓட்டலில் இதெல்லாம் தலைகீழ். ஆனால் அங்கே நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கடலுக்கு இல்லை. துபாயில் கடல் இலவசம். கைட் பீச், புர்ஜ் அல் அரப் ஓட்டலை ஒட்டிய உம் சுகைம் கடற்கரை, ஜேபிஆர் (ஜுமைரா பீச் ரெசிடென்ஸ்) நடைபாதையை ஒட்டிய கடற்கரை எல்லாமே பொதுமக்களுக்குத் திறந்தவை. மணல் சுத்தமாக இருக்கும், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். 2023இலிருந்து ஜுமைரா 2, ஜுமைரா 3, உம் சுகைம் 1 ஆகிய கடற்கரைகளில் பெரிய விளக்குகள் போட்டு இரவிலும் குளிக்க அனுமதிக்கிறார்கள். கடலில் கால் நனைப்பது மட்டும்தான் ஆசை என்றால் நகர ஓட்டலில் தங்கி ஒரு டாக்ஸி பிடித்துப் போய்வந்தாலே போதும். நகர ஓட்டல்கள் பலவற்றில் கடற்கரைக்கு இலவச வண்டியும் விடுகிறார்கள், நேரம் கேட்டுப் பெயர் பதிந்துகொள்ள வேண்டும்.

ரிசார்ட்டில் கொடுக்கும் காசு மணலுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து நிமிட நடைக்கானது. பொதுக் கடற்கரையில் பையனுக்கு அவசரமாக வந்துவிட்டால் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கழிவறை தேட வேண்டும். பதினொரு மணி வெயிலில் அம்மாவுக்குத் தலை சுற்றினால் எல்லோரும் சேர்ந்து டாக்ஸிக்கு நிற்க வேண்டும். ரிசார்ட்டில் அம்மா அறைக்குப் போய்ப் படுப்பார், மகள் குளத்தில் இருப்பாள், மனைவி நிழலில் சாய்ந்து இருவரையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வார். மூன்று தலைமுறை சேர்ந்து போகும்போது ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைத் தனக்கு வேண்டிய நேரத்தில் செய்ய முடிவதுதான் பெரிய வசதி. தனியாகப் போகிறவருக்கும் புதுமணத் தம்பதிக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு கிடையாது. வேலைக்குத் தனியாகப் போகிறவர் யோசிக்காமல் நகர ஓட்டலில் தங்கலாம்.

இன்னொரு சின்ன விஷயம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் தெரிவது. நமக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். வீட்டில் ஆறரைக்கு எழுகிற பையன் அங்கே ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவான். நகர ஓட்டலில் விடிகிற வரை அவனை அறைக்குள் சத்தம் போடாமல் வைத்திருப்பது பெரிய பாடு. கடற்கரை ஓட்டலில் சூரியன் எழும்போது வாளியும் கரண்டியுமாக மணலில் விட்டுவிடலாம். நவம்பரில் அந்த நேரம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், நாளில் மிக இனிமையான பொழுது அதுதான்.

மாதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நவம்பர் என்பதால்தான் கடற்கரை ஓட்டலைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். நவம்பரில் பகல் 30 டிகிரியை ஒட்டி, கடல் நீர் இதமான வெதுவெதுப்பில், காற்றும் பரவாயில்லை. இதையே ஜூலையில் கேட்டிருந்தால் பதில் வேறு. கோடையில் 40க்கு மேல் போகும், கடல் நீரே சுடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளியில் வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிறது. அப்போது கடற்கரை ஓட்டல்கள் விலையை ஏகமாகக் குறைப்பார்கள், அதைப் பார்த்து மயங்கிப் போகிறவர்கள் நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையிலேயே கிடப்பார்கள். சனவரியில் எதிர்ப்பக்கம்: ஊர் அழகாக இருக்கும், கடல் நமக்குக் குளிரும், சென்னைக் கடலில் பழகிய குழந்தைகள் பத்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். நல்ல ரிசார்ட்டுகளில் குளத்து நீரைச் சூடாக்கி வைத்திருப்பார்கள்.

இப்போது உங்களுடைய பக்கம். ஜுமைரா ரிசார்ட்டில் தங்கினால் வேலைக்குப் போய்வருவது எப்படி? மதீனத் ஜுமைரா, புர்ஜ் அல் அரப் பக்கத்திலிருந்து நிதி மையம் சுமார் 15 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் 20 நிமிடம், காலை எட்டு மணிக்கு அதை நம்பக் கூடாது, இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்கு ஒரு தடவைக்கு 40 முதல் 60 திர்ஹம் ஆகும். வழியில் சாலிக் சுங்க வாயில் வந்தால் அதுவும் மீட்டரோடு சேரும். 2025 சனவரி இறுதியிலிருந்து நெரிசல் நேரத்தில் ஒரு வாயிலுக்கு 6 திர்ஹம், மற்ற நேரத்தில் 4, இரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். மெட்ரோ கைகொடுக்காது, ஏனென்றால் ஜுமைரா கடற்கரைச் சாலைக்கும் சிவப்புத் தடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர் இடைவெளி. பனைமர வடிவச் செயற்கைத் தீவான பாம் ஜுமைராவின் பிறை வளைவில் இருக்கிற ஓட்டல்கள் இன்னும் தூரம். தண்டுச் சாலை ஒன்றைத் தாண்டித்தான் உள்ளே போய் வெளியே வர வேண்டும், நிதி மையத்துக்கு முப்பது கிலோமீட்டர் பக்கம் வந்துவிடும். மூன்று நாளும் கோட்டு சூட்டோடு அங்கிருந்து போய்வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நவம்பரில் துபாயில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஓட்டல் கடற்கரைகளில் பொதுவாக இருட்டினால் கடலில் இறங்க விடமாட்டார்கள், குளமும் சீக்கிரமே மூடிவிடும். நீங்கள் ஆறரைக்கு வந்து நிற்கும்போது உயிர்காப்பாளர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆக, கூட்டங்கள் இருக்கிற மூன்று நாளும் கடற்கரை ஓட்டலின் கட்டணத்தில் உங்கள் பங்கு முழுக்க வீண். குழந்தைகளுக்கும் அப்பா இல்லாத கடல் பாதிக் கடல்தான்.

விலைக்கு வருகிறேன். இணையத்தில் முதலில் தெரிகிற எண்ணை நம்பாதீர்கள். வரிகள் தனி என்று போட்டிருந்தால் அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 7 சதவீதம் நகராட்சிக் கட்டணம், 5 சதவீதம் வாட் வரி வரும். 1,000 திர்ஹம் என்று காட்டுகிற அறை கையில் வரும்போது 1,225ஐ ஒட்டி நிற்கும். இது போக, சுற்றுலா திர்ஹம் என்று 2014இலிருந்து ஒரு கட்டணம் உண்டு. ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹம். அதைப் பெரும்பாலும் அங்கே போனபிறகுதான் வாங்குவார்கள். இரண்டு ஓட்டலையும் ஒப்பிடும்போது எல்லா வரியும் காலை உணவும் சேர்ந்த இறுதித் தொகையை ஒப்பிடுங்கள். இல்லையென்றால் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒரே தராசில் போட்ட கதைதான்.

கிழமையும் விலையை மாற்றும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2022 சனவரியிலிருந்து அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். வெள்ளி மதியம் ஆனதும் துபாய், அபுதாபியில் வேலை செய்கிற குடும்பங்களே கடற்கரை ஓட்டல்களுக்குப் படையெடுக்கும். வெள்ளி, சனி இரவுகளில் அங்கே விலை ஏறும், குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலி கிடைக்காது, காலை உணவுக்கு வரிசை நிற்கும். ஞாயிறு மாலை எல்லோரும் கிளம்பியதும் அதே ஓட்டல் அமைதியாகிவிடும், விலையும் இறங்கும். நகர பிசினஸ் ஓட்டல்களில் இது அப்படியே எதிர்: வார நாட்களில் விலை, வார இறுதியில் சலுகை. உங்கள் கூட்டங்கள் செவ்வாய் தொடங்குவது பெரிய அதிர்ஷ்டம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கண்காட்சிகளையும் பாருங்கள். வர்த்தக மையத்தில் கல்ஃபுட் மாதிரிப் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கிற வாரத்தில் ஷேக் சயீத் சாலையில் சாதாரண நான்கு நட்சத்திர அறையின் விலை கடற்கரை ரிசார்ட்டைத் தொட்டுவிடும். இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. சில பெரிய கண்காட்சிகள் வர்த்தக மையத்திலிருந்து தெற்கே எக்ஸ்போ சிட்டிக்குப் போகின்றன. உங்களுக்கு நிதி மையத்தில் வேலை, அதனால் இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது கூட்டம் எக்ஸ்போ சிட்டியில் என்றால், நகர மையத்தில் தங்குவதுதான் தூரம். மரீனா, ஜேபிஆர் கடற்கரை ஓட்டல்கள் அதைவிடப் பக்கம், டிராமில் ஏறி மெட்ரோவுக்கு மாறி நேராகப் போய்விடலாம். பிசினஸ் வேலைக்குக் கடற்கரை ஓட்டலே வசதியாகிற அபூர்வமான இடம் அது.

சாப்பாடு. அம்மா கூட வருகிறார் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கடற்கரை ரிசார்ட்டில் காலை உணவு பிரமாதமாக இருக்கும், பல இடங்களில் தோசைக்கும் சாம்பாருக்கும் தனி மேசையே உண்டு. பிரச்சினை மதியமும் இரவும். ரிசார்ட்டுக்குள் ஒரு சாதாரண மதிய உணவே ஐந்து பேருக்கு நம் வயிற்றைக் கலக்குகிற தொகை வரும், வெளியே நடந்துபோகிற தூரத்தில் மலிவான கடை இருக்காது. இரவு உணவும் சேர்ந்த திட்டத்தை எடுத்தால் குடிபானங்கள் அதில் அடங்குமா, எல்லா உணவகங்களிலும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் ஒரே ஒரு பஃபேயில்தான் செல்லும். நகர ஓட்டலிலிருந்து நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கிற கராமா வட்டாரம் டாக்ஸியில் பத்துப் பதினைந்து நிமிடம். சரவண பவனிலிருந்து சின்ன மெஸ் வரை அங்கே எல்லாம் உண்டு. வாழை இலை, மோர், ரசம், மாலையில் பஜ்ஜி, டீ. மூன்றாம் நாள் தயிர் சாதம் கேட்கிற அம்மாக்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய விஷயம். ரிசார்ட்டில் இருந்தால் செயலியில் ஆர்டர் செய்து லாபியில் வாங்கிக்கொள்ளலாம், முன்னாலேயே ஓட்டலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறைகள். மூன்று பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் என்றால் சாதாரண ஓர் அறையில் பெரும்பாலும் விடமாட்டார்கள். இரண்டு அறைதான். அங்கேதான் பட்ஜெட் எகிறுகிறது என்பதால் முதலிலேயே கணக்கில் வையுங்கள். உள்கதவு வழியே இணைந்த இரண்டு அறைகளைக் கேளுங்கள், ‘இருந்தால் தருகிறோம்’ என்ற பதிலை ஏற்காமல் உறுதி செய்து மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். கடற்கரைக் குடும்ப ஓட்டல்களில் இந்த மாதிரி அறைகள் நிறைய, பிசினஸ் ஓட்டல்களில் குறைவு. நகரத்தில் பிசினஸ் ஓட்டலுக்குப் பதிலாக ஓட்டல் அபார்ட்மென்ட் பாருங்கள். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சின்ன சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒரே கதவுக்குள் கிடைத்துவிடும். ஐந்து பேருக்கு அது இரண்டு ஓட்டல் அறைகளைவிட மலிவாகவே வரும், அம்மா தன் கையால் ஒரு காபி போட்டுக் குடிக்கலாம். உங்கள் அலுவலகம் ஒரு தொகைதான் தருகிறது, ஓட்டலை அவர்களே பிடிவாதமாக முடிவு செய்வதில்லை என்றால் இதையே நான் சொல்வேன்.

கடல் தெரிகிற அறைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பகலெல்லாம் மணலில் இருக்கப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. உங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கு மட்டும் அதைக் கொடுங்கள். முழங்கால் வலியோடு மணலில் நடக்க முடியாதவருக்கு பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பதுதான் கடற்கரை. பதியும்போது சொற்களையும் கவனியுங்கள். ‘பகுதி கடல் காட்சி’ என்றால் பால்கனியில் ஓரமாக நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிகிற கடல். பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், துபாயில் அது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி.

பால்கனி என்றதும் ஒன்று. ஈரத்துணியை பால்கனிக் கம்பியில் காயப்போடாதீர்கள். துபாய் நகராட்சி அதை அனுமதிப்பதில்லை. குளியலறையில் இழுத்துக் கட்டுகிற கொடி இருக்கும், நாற்காலி முதுகில் போட்டாலும் காய்ந்துவிடும். அதேபோல ஓட்டல் நீச்சல் குளங்களில் பருத்திச் சுடிதாரோடோ டிஷர்ட்டோடோ இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடைத் துணியில்தான் இருக்க வேண்டும். உடலை முழுக்க மூடுகிற நீச்சல் உடைக்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை. மனைவிக்கும் மகளுக்கும் இங்கேயே வாங்கி வைத்துவிடுங்கள், ரிசார்ட் கடையில் விலை பல மடங்கு.

எந்தக் கடற்கரை என்பதையும் முடிவு செய்ய வேண்டும். உங்கள் குழந்தைகளின் வயதுக்கு நீர்ப்பூங்காதான் துருப்புச் சீட்டு. அலை வடிவில் 1997இல் கட்டிய ஜுமைரா பீச் ஓட்டலில் தங்கினால் பக்கத்தில் இருக்கிற வைல்ட் வாடி நீர்ப்பூங்கா உங்களுக்கு இலவசம். பாம் தீவில் 2008இல் திறந்த அட்லாண்டிஸ் ரிசார்ட்டில் தங்கினால் அக்வாவென்ச்சர் நீர்ப்பூங்கா இலவசம். தனியாகப் போனால் ஒருவருக்கே சில நூறு திர்ஹம் என்பதால், ரிசார்ட் விலையைப் பார்க்கும்போது நான்கு பேருக்கான இரண்டு நாள் டிக்கெட்டைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் சட்டென்று சுருங்கும். அட்லாண்டிஸ் பிரம்மாண்டம், கூட்டமும் அப்படியே. அறையிலிருந்து எதற்கும் நீண்ட நடை, அம்மாவுக்கு அலுப்பாக இருக்கும். நான் ஜுமைரா பக்கத்தைத்தான் சொல்வேன். அங்கே புர்ஜ் அல் அரப் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், நகரத்துக்கும் கிட்டே. அந்தக் கரைக்கு ஒரு காலத்தில் சிகாகோ பீச் என்று பெயர். எண்ணெய்க் கிடங்குகளுக்கான ராட்சதத் தொட்டிகளை, பெயரில் சிகாகோவைக் கொண்ட அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்த மணலில் வைத்துத்தான் உருக்கி ஒட்டிச் செய்தது. ஜேபிஆர் கலகலப்பானது, மாலையில் நடைபாதையில் கடைகள், உணவகங்கள், மக்கள் கூட்டம். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் அது நல்ல தேர்வு.

இனி என் முடிவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள், அதிலும் கடலை முதலில் வையுங்கள். வேலை முடிந்தபிறகு கடல் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள், அது உங்களைச் சரியாக வெள்ளி, சனி இரவுகளில் கொண்டுபோய் நிறுத்தும். அதிக விலை, அதிகக் கூட்டம். அதற்குப் பதில் ஞாயிறு காலை துபாயில் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஞாயிறு, திங்கள் இரண்டு இரவும் ஜுமைராவில். வார இறுதிக் கூட்டம் கிளம்பிக்கொண்டிருக்கும், விலை இறங்கியிருக்கும், நீங்களும் முழு நாளும் குழந்தைகளோடு தண்ணீரில் இருப்பீர்கள்.

திங்கள் இரவே உங்கள் கோட்டு, காலணி, மடிக்கணினி எல்லாவற்றையும் தனிப் பெட்டியில் எடுத்து வையுங்கள். செவ்வாய் காலை நீங்கள் ரிசார்ட்டிலிருந்து நேராக நிதி மையம். அந்த ஒரு நாள் மட்டும் ஏழேகாலுக்குக் கிளம்பிவிடுங்கள். மற்றவர்கள் மதியம் 12 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, சாமானைப் பெல் டெஸ்க்கில் கொடுத்துவிட்டு, குளத்திலேயே இரண்டு மணி வரை இருக்கலாம். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள், குளித்து உடை மாற்றவும் இடம் உண்டு. மூன்று மணிக்கு நகர அபார்ட்மென்டில் செக்-இன், பெரிய டாக்ஸியாகக் கேளுங்கள், நான்கு பேர், ஐந்து பேரின் பெட்டிகளோடு சாதாரண டாக்ஸியில் ஏற முடியாது.

செவ்வாய் மாலையிலிருந்து நகரம். இங்கேதான் பிசினஸ் வட்டாரம் குடும்பத்துக்கும் பயன்படத் தொடங்குகிறது. ஓட்டலில் அடைந்து கிடந்தால் வெறிச்சோடிப் போகிற அதே இடம், வெளியே கிளம்புகிறவர்களுக்கு ஊரின் நடு. 2022இல் திறந்த எதிர்கால அருங்காட்சியகம் எமிரேட்ஸ் டவர்ஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவும் துபாய் மாலும் நிதி மையத்துக்கு அடுத்த நிலையம். ஆனால் அந்த நிலையத்திலிருந்து மாலுக்குள் போகிற கண்ணாடி நடைபாலம் மிக நீளம், அம்மாவை டாக்ஸியில் அழைத்துப் போகச் சொல்லுங்கள், உள்ளே சக்கர நாற்காலி கிடைக்கும். ஒரு காலை அல் ஃபஹீதி பழைய வீதிகள், அங்கிருந்து ஒரு திர்ஹம் கொடுத்து அப்ராப் படகில் க்ரீக் என்ற கடற்கழியைத் தாண்டி மசாலாச் சந்தை. என்னைக் கேட்டால் துபாயில் கொடுக்கிற காசுக்கு மிக அதிகம் கிடைப்பது அந்த ஒரு திர்ஹம் படகில்தான். திரும்பும் வழியில் கராமாவில் மதியச் சாப்பாடு. மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பெட்டி உண்டு, மனைவி தைரியமாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகலாம். நீங்கள் மாலை ஆறு மணிக்கு வேலை முடித்துவிட்டு துபாய் மால் நீரூற்றுப் பக்கத்தில் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம், சாலையில் முக்கால் மணி நேரம் போகாது.

இடம் மாறுவது தொல்லை, ஒரே ஓட்டல்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால்? பிள்ளைகள் இன்னும் சின்னவர்களாக, மூன்று வயதுக்குள் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், அப்போது கடற்கரை ஓட்டலை எடுத்துவிட்டு டாக்ஸிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு மாறுவது ஒரு கொண்டாட்டம். மேலும் ஐந்து இரவும் ரிசார்ட் என்றால் நான்காம் நாள் அதுவும் அலுக்கும்.

பணம் விஷயத்தில் கடைசியாக ஒன்று. இரண்டு ஓட்டலிலும் உள்ளே நுழையும்போதே டெபாசிட்டாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள், ரிசார்ட்டில் அது ஓர் இரவுக்குச் சில நூறு திர்ஹமாகக்கூட இருக்கும். டெபிட் கார்டைக் கொடுத்தால் பணம் கணக்கிலிருந்து போய்விடும், திரும்பி வர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். கிரெடிட் கார்டையே கொடுங்கள். ஓட்டல் மாறுவதால் முதல் டெபாசிட் விடுபடுவதற்கு முன்பே இரண்டாவதும் நிற்கும், அட்டையின் வரம்பில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் ரூபாயில் எடுக்கட்டுமா, திர்ஹத்தில் எடுக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால் திர்ஹம் என்றே சொல்லுங்கள்.

திரும்பும் விமானம் வெள்ளிக்கிழமை இரவு, நள்ளிரவு தாண்டித்தான் என்றால் வியாழன் இரவோடு அறையை முடித்துவிடாதீர்கள். அபார்ட்மென்டில் வெள்ளி மாலை ஆறு மணி வரை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். வார இறுதி தொடங்கி வியாபாரிகள் கிளம்பிவிட்ட நேரம் அது, நகர ஓட்டல்களில் அறை காலியாக இருக்கும். பாதி நாள் கட்டணத்துக்கோ, நீங்கள் நல்லபடியாகக் கேட்டால் இலவசமாகவோ கொடுத்துவிடுவார்கள்.